வேம்பு ஐயரும் என் வகுப்பும்

ராஜீவ் மேனனின் 'சர்வம் தாள மயம்' 2019 பிப்ரவரியில் வெளியானபோது, மிருதங்கம் சொல்லிக்கொடுக்கும் எங்களில் பலர் முதல் வாரமே போய்ப் பார்த்தோம். மிருதங்க வித்வான் ஒருவரை நடுவில் வைத்துத் தமிழில் படம் வருவது அடிக்கடி நடக்கிற காரியமா என்ன? நெடுமுடி வேணு நடித்த வேம்பு ஐயரைப் பற்றி என் மாணவர்களின் பெற்றோர் இன்றும் கேட்பது ஒன்றைத்தான்: "நிஜத்துலயும் இப்படித்தானா சார்?"

பாதி அப்படித்தான். வேம்பு ஐயரின் ரோஷம் அப்பட்டமான நிஜம். வாசிப்பில் விட்டுக்கொடுக்க மாட்டார், டி.வி. போட்டியென்றால் ஆகாது, பிடிக்கவில்லை என்றால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர்களிடம் நானே பாடம் கேட்டிருக்கிறேன். புதிதாக வந்த சிஷ்யன் பீட்டர் மேல் மூத்த சிஷ்யன் மணிக்கு வரும் பொறாமையும் நிஜம்தான். குருவுக்குப் பக்கத்தில் உட்காரும் இடத்துக்கு எங்கள் உலகத்தில் எப்போதுமே அடிதடி உண்டு. நெடுமுடி வேணு தாளவாத்தியம் தெரிந்தவர். பீட்டராக வரும் ஜி.வி. பிரகாஷ், மிருதங்க வித்வான் உமையாள்புரம் சிவராமனிடம் பயிற்சி எடுத்துக்கொண்டு நடித்தார். அதனால் திரையில் அவர்கள் கையைப் பார்க்கும்போது எனக்கு உறுத்தவில்லை.

மீதிப் பாதிக்கு வந்தால், படம் வேகமாகத் தாண்டிப்போவது பீட்டர் கற்றுக்கொள்ளும் காலத்தை. சில காட்சிகள், ஒரு பாட்டு, அவன் கை தேறிவிடுகிறது. வாத்தியாரின் ஆயுசு முழுக்க அந்த இடைவெளியில்தான் கழிகிறது.

'நம்' என்ற ஒரே ஒரு மிருதங்கச் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வலப்பக்கமான வலந்தலையில், மோதிர விரல் நடுவில் இருக்கும் கறுப்புக் கரணையின் ஓரத்தில் பட்டும் படாமலும் இருக்க வேண்டும். ஆள்காட்டி விரல் ஓரத்து வளையமான மீட்டில் தட்டிவிட்டு உடனே எழும்ப வேண்டும். மோதிர விரல் கொஞ்சம் அழுந்தினாலும் நாதம் அடைபட்டுப் போகும். சின்னப் பிள்ளைக்கு இது பிடிபட மாசக்கணக்கில் ஆகும். அத்தனை மாசமும் எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு தட்டையும் கவனமாகக் கேட்க வேண்டும். காது சலித்துவிட்டால், எந்தத் தட்டில் விரல் சரியாக விழுந்தது என்பதைக் கோட்டை விட்டுவிடுவோம். அந்தத் தட்டில் "இதேதான், இன்னொரு தடவை வாசி" என்று சொல்லாவிட்டால் பிள்ளைக்கும் தெரியாமல் போய்விடும்.

கச்சேரி வாசிக்க வேண்டும் என்றுதான் நான் மிருதங்கத்தைத் தொட்டேன். வகுப்பு எடுக்க ஆரம்பித்தது வீட்டு வாடகைக்காக. பீட்டர் மாதிரி ஒருவன் வாசலில் வந்து நிற்பான் என்று மனசுக்குள் நெடுநாள் எதிர்பார்த்திருந்தேன். ஆனால் இந்த வேலையின் அருமையை எனக்குக் காட்டியவன், காலப்பிரமாணம் கொஞ்சமும் நிற்காத ஒரு பையன். ஆதி தாளத்தில் தகதிமி தொடங்கினால் மூன்றாவது ஆவர்த்தனத்துக்குள் ஓட ஆரம்பித்துவிடுவான். அதட்டினால் இன்னும் வேகமாக ஓடுவான். அவன் மிருதங்கத்தை ஓரமாக வைத்துவிட்டு, கையில் தாளம் போட்டுக்கொண்டு சொற்கட்டை வாயால் மட்டும் சொல்ல வைத்தேன். நான் ஆவர்த்தனம் தொடங்கும் ஒவ்வொரு சமத்திலும் இடப்பக்கத் தொப்பியில் ஒரு 'தொம்' மட்டும், மிக மெதுவாக வாசித்தேன். அது காதில் விழ வேண்டுமென்றால் அவன் தன் அவசரத்தை அடக்கியாக வேண்டும். நாள் போகப் போக அவன் என் தொம்முக்காகக் காத்திருக்கப் பழகினான். ஒரு நாள் நான் கையை எடுத்துவிட்டேன். தாளம் அசையாமல் நின்றது.

பிளஸ் டூ வந்தது. "இந்த வருஷம் பப்ளிக், சார். முடிஞ்சதும் அனுப்பறேன்" என்று அவன் அம்மா சொல்லிவிட்டுப் போனார். அப்படிப் போகிறவர்கள் பெரும்பாலும் திரும்புவதில்லை, அவனும் வரவில்லை. ஆனால் அவனை நிறுத்தி வைக்கப் பாடுபட்டதில் கச்சேரியில் என் தனி ஆவர்த்தனம் நிதானப்பட்டது. கூட மேடையேறிய பாடகரே அதைச் சொன்னார். சினிமாவில் அந்தப் பையனுக்கு இடம் கிடைக்காது. கடைசியில் மேடையில் ஒருவன் ஜெயித்தால்தான் குருவின் உழைப்பு பலித்ததாக அங்கே கணக்கு. 'சர்வம் தாள மயம்' படமும் டி.வி. போட்டியில் போய்த்தான் முடிகிறது. எனக்கு அந்தக் கணக்கில் சம்மதமில்லை.

சம்பளப் பேச்சும் படத்தில் பெரிதாக இல்லை. எங்கள் பிழைப்பில் விஜயதசமிக்கு வெற்றிலை பாக்குத் தட்டோடு கூட்டம் வரும், பரீட்சை வரும் மார்ச்சில் பாய் காலியாகக் கிடக்கும். கேமரா வேண்டாம் என்று வேம்பு ஐயர் வீம்பாக நின்றதைத் திரையில் பார்த்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. 2020 ஊரடங்கில் நாங்கள் எல்லோருமே போனுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டோம். இணையத்தில் சத்தம் தாமதமாகப் போய்ச் சேருவதால் இருவரும் சேர்ந்து தாளம் போட முடியாது. நான் வாசித்து நிறுத்துவேன், பிறகு பிள்ளை வாசிக்கும். அரிசி வாங்கக் காசு அதிலிருந்துதான் வந்தது. வேம்பு ஐயர் நிஜமாக இருந்திருந்தால் அவரும் உட்கார்ந்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

இத்தனை சொன்னாலும் அந்தப் படத்துக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். பீட்டரின் அப்பா ஜான்சன் மிருதங்கம் செய்பவர். தோலை இழுத்து, கரணை வைத்து, சுருதி கூட்டித் தருகிறவரின் மகன் மேடையில் உட்காரக் கூடாதா என்பதுதான் கதை. நாங்கள் பேசாமல் மூடிவைத்திருந்த விஷயம் அது. மிருதங்கம் செய்யும் குடும்பங்களைப் பற்றி பாடகர் டி.எம். கிருஷ்ணா எழுதிய புத்தகம்கூட 2020-இல்தான் வந்தது. என் வாத்தியார் வீட்டில் மிருதங்கத்தின் தோல் மூட்டு மாற்ற வருகிறவர் பின்வாசலோடு நின்றுவிடுவார். மணிக்கணக்காக நாதத்தைப் பற்றிப் பேசுவோம், அவர் பெயரைச் சொல்ல மாட்டோம்.

இப்போதெல்லாம் புதிதாகச் சேரும் பிள்ளைகளை, கையில் வாத்தியத்தைக் கொடுப்பதற்கு முன்பே, மிருதங்கம் செய்கிறவரின் பட்டறைக்கு அழைத்துப்போகிறேன். பலாக்கட்டையைத் தூக்கிப் பார்க்கச் சொல்வேன். கரணைக்குக் கல்பொடியும் சோறும் சேர்த்துப் பிசைந்து, சிறிது சிறிதாக வைத்து, கல்லால் தேய்த்துத் தேய்த்து ஏற்றுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார்கள். அவரைப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்துவேன். பிள்ளைகள் அவரையும் 'சார்' என்றுதான் கூப்பிட வேண்டும்.

ஒரு தடவை ஒரு பொண்ணு அவரிடமே கேட்டாள்: "இது என்ன தோல், சார்?"

"மாடு, ஆடு, எருமை, மூணும் இருக்கும்மா. இந்த வார் இருக்கே, இது எருமை" என்று இழுத்துக் காட்டினார்.

கூட வந்த அம்மா ஒருவர் மறுநாள் போன் செய்து, மகனை வயலினில் சேர்க்கப்போவதாகச் சொன்னார். சரி என்றேன். அடுத்த விஜயதசமிக்கு வந்தவர்களையும் முதலில் அங்கேதான் கூட்டிக்கொண்டு போனேன்.