பெட்டிக்கு நாலு வளையம்

போன தை மாதம் செமஸ்ரர் லீவுக்கு ஒட்டுசுட்டானுக்குப் போனபோது, முற்றத்தில் எங்கட உழவு மெசின் பெட்டி ஒரு சில்லு இல்லாமல் நின்றது. கட்டை அடுக்கி முண்டு கொடுத்திருந்தார் அப்பா. வெட்டுத் தொடங்க மூன்று கிழமைதான் இருந்தது. "பிள்ளை, உன்ர கை சின்னன். கிறீஸ் வைக்க வா" என்றார். அதுதான் எனக்குக் கிடைத்த வரவேற்பு.

எனக்கு இந்த வேலை ஒன்றும் தெரியாது. கலைப்பீடத்தில் படிக்கிறவளுக்குப் பெயாரிங் எதற்கு? இரவில் யூரியூப்பில் தேடினேன். 'பிப்த் வீல்' என்று ஒரு சாமான் வந்தது. அமெரிக்காவில் பிக்கப் வாகனத்துக்குப் பின்னால் கொழுவி இழுக்கிற வீடு. கட்டில், குசினி, குளியலறை எல்லாம் உள்ளே. ஐந்தாம் சில்லு என்பது குதிரை வண்டிக் காலத்துப் பேர். முன் அச்சு திரும்புவதற்காக அதன் மேலே படுக்கையாக வைத்த வட்டத் தகடுதான் அது. இப்போது வாகனத்தின் பின் அச்சுக்கு மேலேயே ஒரு தகடு இருக்கும், வீட்டின் பாரம் அதில் இறங்கும். ஒரு வயதான தம்பதி தங்கட வீட்டுச் சில்லைக் கழற்றிப் பெயாரிங்குக்குக் கிறீஸ் வைத்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த நாள் அப்பாவும் நானும் செய்தது அதே வேலைதான்.

முதலில் மற்றச் சில்லுக்கு இரண்டு பக்கமும் கல் வைக்கவேணும். ஜக்கை மட்டும் நம்பக்கூடாது, கட்டையும் வேணும். மூடியைத் தட்டிக் கழற்றி, ஊசியை நிமிர்த்தி இழுத்து, நட்டைக் கழற்றினால் பெயாரிங் வெளியே வரும். மண்ணெண்ணெயில் கழுவிப் பார்த்தால் உருளைகள் நீலம் பாய்ந்து கிடந்தன. "சூடேறியிருக்கு. இனி உதவாது" என்றார் அப்பா. புதுசுக்கு உள்ளங்கையில் கிறீஸை வைத்து, உருளைகளுக்கு நடுவால் மற்றப் பக்கம் பிதுங்கும்வரை அழுத்தவேணும். பிறகு சில்லைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, புது ஊசி போடவேணும். ஒரேயடியாய் இறுக்கினால் திரும்பவும் சூடேறும்.

எங்கட பெட்டிக்கு ஒரே அச்சு. கொழுவுற இடம் மெசினுக்குப் பின்னால. பாரம் எல்லாம் பின்னுக்குப் போனால் கொழுக்கி மேலே எழும்பும், மெசினின் பெரிய சில்லுக்குப் பிடி குறையும். முன்னுக்குக் கூடிப்போனால் மெசினின் முன் சில்லு லேசாகி, திருப்பினாலும் திரும்பாது. பாரமான சாமான் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால இருக்கவேணும். இதை எனக்கு விளங்கப்படுத்தினது அப்பா இல்லை, அம்மா.

"அரிசி மூடை முன்னுக்கு. தையல் மெசின் அதுக்குப் பக்கத்தில. பாயும் உடுப்பும் மேல. நீ உடுப்பு மூட்டைக்கு மேல இருந்தனி" என்றா.

2008 மார்கழி. எனக்கு ஆறு வயது. ஒட்டுசுட்டானிலிருந்து புதுக்குடியிருப்பு, பிறகு இரணைப்பாலை, பிறகு மாத்தளன். பெட்டியில் சாமான் ஏற்றிக்கொண்டு போய், நிற்கிற இடத்தில் அதுக்கு மேலாலே தறப்பாளை இழுத்துக் கட்டினால் அதுதான் வீடு. மழைக்கு மேலே படுத்தோம், ஷெல்லுக்குப் பெட்டிக்குக் கீழே வெட்டின பங்கருக்குள் இறங்கினோம். எங்களுக்கு மட்டும் நடந்த கதை இல்லை இது. அந்தத் தெரு முழுக்கப் பெட்டிகள்தான். ஏப்ரலில் மாத்தளனால் வெளிக்கிட்டபோது மெசினையும் பெட்டியையும் அப்படியே விட்டிட்டு வந்தோம். பிறகு மனிக் பாம். ஊருக்குத் திரும்பின பிறகு அப்பா வாங்கினது இந்தப் பழைய பெட்டி.

பெயாரிங் முடிந்தது. அடுத்தது அடிப்பலகை. உக்கின பலகையைக் கழற்றி இரும்புத் தகடு அடிக்க வெல்டிங் மெசினை வாடகைக்கு எடுத்திருந்தார். தகடு முடிந்த பிறகு, மிச்ச இரும்புக் கம்பியை வளைத்து நாலு மூலைக்கும் வளையம் வைக்கத் தொடங்கினார்.

"இது எதுக்கப்பா?"

"தறப்பாள் கட்ட."

"நெல்லு மூடைக்குச் சும்மா கயிறு போட்டாக் காணாதோ?"

அவர் பதில் சொல்லவில்லை. எனக்குக் கோபம் வந்தது. பெட்டிக்குப் பின் லைற் இல்லை. ஏ-34 வீதியில் இரவில் வெளிச்சம் இல்லாத பெட்டிக்குப் பின்னால் மோட்டார்சைக்கிளில் வாறவனுக்கு என்ன தெரியும்? 2022க்குப் பிறகு சாமான் விலை எங்கேயோ போயிட்டுது. இருக்கிற காசை லைற்றுக்குப் போடாமல் வளையத்துக்கு ஏன்? வாய் தவறிக் கேட்டுவிட்டேன்: "திரும்பவும் ஓடப்போறமோ?"

அப்பா முகமூடியை இறக்கிக்கொண்டு மூன்றாவது வளையத்தை ஒட்டினார். அம்மா குசினிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்திட்டு உள்ளே போய்விட்டா. அன்று பின்னேரம் முழுக்க நாங்கள் இரண்டு பேரும் கதைக்கவில்லை.

அடுத்த நாள் காலையில் என்ர காசில் இரண்டு சிவப்பு லைற்றும், ஒளி பட்டால் மின்னுகிற முக்கோணத் தகடு இரண்டும் வாங்கி வந்தேன். மெசின் பற்றரி 12 வோல்ற். வயரைச் சட்டத்துக்குக் கீழால் கொண்டுபோகவேணும், கொழுக்கி திரும்புற இடத்தில் கொஞ்சம் நீட்டாய் விடவேணும், இல்லாவிட்டால் முதல் வளைவிலேயே அறும். அதை அப்பாதான் காட்டித் தந்தார். வளையத்தைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கறள் பிடிக்காமல் நாலுக்கும் நான்தான் பெயின்ற் அடித்தேன்.

வெட்டு நடந்த மூன்றாம் நாள் மழை வந்தது. வயலில் மூடை ஏற்றிக்கொண்டிருந்தோம். அப்பா தறப்பாளை விரித்து ஒரு மூலையை எனக்கு எறிந்தார். கயிறு வளையத்துக்குள்ளால் போனது. ஆறு வயதில் அந்தக் கயிற்றை யார் கட்டினது என்று நான் யோசித்ததே இல்லை.

"இழுத்துக் கட்டு பிள்ளை, தண்ணி தேங்கக் கூடாது" என்றார். இழுத்துக் கட்டினேன்.