கைரேகை

காலேஜில் நான் என்.சி.சி.யில் சேர்ந்ததற்கு தேசபக்தி காரணமில்லை. பரேடு முடிந்ததும் பூரி கிழங்கு தருவார்கள். அவ்வளவுதான்.

ஒரு கேம்ப்பில் .303 ரைஃபிளைக் கொடுத்து ஐந்து ரவுண்டு சுடச் சொன்னார்கள். சுட்டேன். குறிப்பலகைக்கு ஒரு சேதமும் இல்லை. சாயங்காலம் எல்லோரும் 'ஃபோர் பை டூ' என்கிற துணித்துண்டைக் கயிற்றில் மாட்டிக் குழலுக்குள் விட்டு இழுத்துக்கொண்டிருக்க, நான் பூரிக்குப் போய்விட்டேன். மறுநாள் ஹவில்தார் குழலுக்குள் ஒற்றைக் கண்ணால் பார்த்தார். துரு! இந்தியில் என் பரம்பரையையே விசாரித்தார். பிறகு மைதானத்தைச் சுற்றி ஆறு ரவுண்டு ஓட்டம்.

இதன் விஞ்ஞானம் புரிந்தது, அம்பத்தூரில் ஒரு ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறையில் ட்ரெய்னியாகச் சேர்ந்த பிறகுதான். சொல்லித் தந்தவர் ஃபோர்மன்.

"தம்பி, ஒவ்வொரு தடவை சுடும்போதும் குழலுக்குள்ள வர்ற வாயு, இரும்பையே உருக்குற சூடு. கண் இமைக்கிறதுக்குள்ள போயிடும், அதனால பொழைக்குது. முழுக் குழலையும் கெட்டியாக்கினா கண்ணாடி மாதிரி வெடிச்சிடும். உடம்பு வளைஞ்சு கொடுக்கணும், தோல் மட்டும் கெட்டியா இருக்கணும்."

அதற்கு இரண்டு வழி. ஒன்று, உள்ளே குரோம் பூசுவது. வியட்நாமில் அமெரிக்கச் சிப்பாய்களுக்குக் கொடுத்த எம்-16 ரைஃபிளில் ஆரம்பத்தில் அது இல்லை. தோட்டாவின் மருந்தையும் மாற்றிவிட்டார்கள். போதாததற்கு, அதிகம் துடைக்கத் தேவையில்லை என்ற நினைப்பு வேறு. ஈரக் காட்டில், சுட்ட தோட்டாவின் கூடு உள்ளேயே சிக்கிக்கொண்டது. சண்டைக்கு நடுவே அதை நோண்டிக்கொண்டிருந்த பையன்கள் செத்துப்போனார்கள். 1967-ல் அமெரிக்கப் பாராளுமன்றக் கமிட்டி விசாரித்தது. தோட்டா உட்காரும் அறைக்குக் குரோம் பூச்சு வந்தது. துடைக்கும் சாமான்களும் ஒழுங்காக வந்தன. கேட்டதும் எனக்கு அந்தப் பூரி தொண்டையில் அடைத்தது.

இன்னொரு வழி, நைட்ரைடிங். எங்கள் பட்டறைக்குத் துப்பாக்கி வராது. கிராங்க் ஷாஃப்ட்தான் வரும். ஆனால் வித்தை ஒன்றுதான். மூடிய உலையில் 500 டிகிரிக்குச் சற்று மேலே சூடாக்கி அம்மோனியா வாயுவை விடுவார்கள். அதிலிருந்து நைட்ரஜன் பிரிந்து, இரும்பின் தோலுக்குள் மெதுவாக ஊறும். அரை மில்லிமீட்டர் ஆழம்கூட வராது. அதற்கே இரண்டு நாள். செக்கச்செவேலென்று காய்ச்சி எண்ணெயில் முக்குகிற வேலை இல்லாததால், நீளமான சாமான் கோணாது. அம்மோனியா நெடியில் அழாத ட்ரெய்னி மட்டும் கிடையாது.

ஒரு நாள் அவசரத்தில் கையுறை போடாமல் ஷாஃப்டுகளை உலையில் ஏற்றினேன். இரண்டு நாள் கழித்து வெளியே வந்தபோது, ஒரே சீரான சாம்பல் நிறத்துக்கு நடுவே ஐந்து திட்டுகள். என் விரல்கள்! கை எண்ணெய் பட்ட இடத்தில் நைட்ரஜன் சரியாக ஏறவில்லை. கஸ்டமரின் இன்ஜினீயர் வந்து குதித்தார்.

"யார் லோட் பண்ணினது?"

தினமும் என்னை "தடிமாடு" என்று திட்டுகிற ஃபோர்மன் சொன்னார்: "நான்தான் ஸார். வயசாச்சு, கவனிக்கலை."

அந்த மாதம் அவர் இன்சென்டிவ் போயிற்று. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "கையைக் கழுவிட்டு வா, டீ சாப்பிடலாம்" என்றார்.

இப்போது நான் ஃபோர்மன். கையுறை போடாத பையன்கள் இன்றைக்கும் வருகிறார்கள். முதல் தப்புக்கு டீ வாங்கிக் கொடுத்துவிடுகிறேன்.

இரண்டாவது தப்புக்குத்தான் ஹவில்தாரின் இந்தி.