விளக்கு சொல்லாதது

எஞ்சின் மூச்சு விடும் வாசல்கள் வால்வுகள். பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தால் சுழல்வது கிராங்க் ஷாஃப்ட். வால்வுகளைத் திறப்பது கேம் ஷாஃப்ட். முன்னது இரண்டு சுற்றுச் சுற்றினால் பின்னது ஒரு சுற்று. அந்த ஒரு சுற்றில் ஒவ்வொரு வால்வும் ஒருமுறை திறந்து மூடும். நின்ற இடத்தில் நிமிடத்துக்கு 800 சுற்று ஓடும் எஞ்சினில் ஒரு வால்வு நிமிடத்துக்கு 400 முறை திறக்கிறது. நெடுஞ்சாலையில் 3,000 சுற்று ஓடுகையில் அதே வால்வு நொடிக்கு 25 முறை திறக்கிறது.

சிக்கல் எண்ணிக்கையில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. மெதுவாக ஓடும்போது, காற்றை உள்ளே விடும் வால்வு சற்று முந்தித் திறந்தால்கூட எரிந்த புகை உள்ளே திரும்பி எஞ்சின் குலுங்கும். வேகமாக ஓடும்போதோ, உள்ளே பாய்கிற காற்றுக்கு ஒரு உந்துவிசை இருக்கிறது. கதவைச் சற்றுத் தாமதமாக மூடினால் இன்னும் கொஞ்சம் காற்று உள்ளே வந்துசேரும். ஒரு வேகத்துக்குச் சரியான நேரம் மற்றொரு வேகத்துக்குப் பிழை. பழைய எஞ்சின்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு சமரசத்தைப் பிடித்துக்கொண்டு வாழ்நாள் முழுவதும் அதிலேயே ஓடின.

நீராவி ரயில் எஞ்சினில் ஓட்டுநரே வால்வு நேரத்தை மாற்றும் ஏற்பாடு, ஸ்டீபன்சன் பெயரால் அறியப்படுவது, 1842-லேயே வந்துவிட்டது. கார் அதற்கு நெடுங்காலம் காத்திருந்தது. 1980-இல் ஆல்ஃபா ரோமியோ தன் ஸ்பைடர் காரில் அதைக் கொண்டுவந்தது. 1989-இல் ஹோண்டா, 1992-இல் பிஎம்டபிள்யூ எனத் தொடர்ந்து, இன்று நம் ஊர்ச் சிறிய கார்கள் பலவற்றிலும் அது இருக்கிறது.

அக்காளும் தம்பியுமாகிய எங்களுக்கு இவற்றில் எதுவும் சென்ற ஆண்டுவரை தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவை அம்மாவின் சிறுநீரகங்களால் வந்தது. செவ்வாய், வியாழன், சனி என வாரம் மூன்று நாள் பொள்ளாச்சியிலிருந்து 40 கிலோமீட்டர் கோயம்புத்தூருக்குப் போய், நான்கு மணி நேரம் டயாலிசிஸ் முடித்துத் திரும்ப வேண்டும். முடிந்த பிறகு அம்மாவுக்கு ரத்த அழுத்தம் இறங்கிவிடும். பேருந்தில் அழைத்துவருவது நடக்காத காரியம். அதற்காகவே 1,30,000 கிலோமீட்டர் ஓடிய ஒரு காரை இரண்டாம் கையாக வாங்கினோம். ஒருவர் ஓட்டுவோம், ஒருவர் பின்னிருக்கையில் அம்மாவுடன் இருப்போம்.

மூன்றாம் மாதம் எஞ்சின் விளக்கு எரிந்தது. காலையில் முதலில் கிளப்பும்போது இரண்டு நொடி கடகடவென்று ஒரு சத்தம் வந்தது. அதன்பின் ஒரு சனிக்கிழமை மாலை, ஈச்சனாரிக்கு அருகே வேகத்தைக் குறைத்தபோது எஞ்சின் நின்றுபோனது. பின்னால் லாரிகள் ஒலியெழுப்ப, அம்மா கண்ணைத் திறக்காமலேயே “வந்தாச்சா?” என்று கேட்டார்.

முதலில் போன பட்டறையில் கருவியைச் செருகிக் குறியீட்டைப் படித்தார்கள். பி 0011. ஆயிலைக் கட்டுப்படுத்தும் சொலினாய்டு வால்வு போய்விட்டது என்று அதை மாற்றினார்கள். விளக்கு அணைந்தது. பதினோராம் நாள் மீண்டும் எரிந்தது. இம்முறை எஞ்சினின் தலைப்பகுதியையே மாற்ற வேண்டும் என்று 85,000 ரூபாய்க்கு எழுதிக் கொடுத்தார்கள். காரை விற்றாலும் அதைப்போல இருமடங்கு கிடைத்திருக்காது. விற்றுவிடுவதா, கடன் வாங்குவதா என்று அன்றிரவு பேசிக்கொண்டிருந்தோம். எப்படிப் பேசினாலும் அடுத்த செவ்வாய்க்கிழமை வந்துகொண்டுதான் இருந்தது.

தெரிந்தவர் ஒருவர் சொல்லி, அறுபது வயதைத் தாண்டிய ஒரு மெக்கானிக்கிடம் போனோம். கார்புரேட்டர் காலத்தில் தொழில் கற்றவர். அதே கருவி அவரிடமும் இருந்தது. அதே எண்தான் வந்தது. ஆனால் அவர் அதை வேறுவிதமாகப் படித்தார்.

“ஏனுங்கண்ணா, அந்தப் பாகத்தைத்தான் மாத்தியாச்சுங்களே?” என்று கேட்டோம்.

“வெளக்கு காய்ச்சல்னு மட்டுந்தானுங்க அம்மிணி சொல்லும். எதனால காய்ச்சல்னு நாமதான் பாக்கோணும்” என்றார்.

பிறகு பொறுமையாக விளக்கினார். கேம் ஷாஃப்ட்டின் நுனியில் ஒரு பல்சக்கரம். அதைச் செயின் சுற்றுகிறது. அந்தச் சக்கரத்தின் வயிற்றுக்குள் இறக்கைகள் கொண்ட இன்னொரு துண்டு. அதுதான் கேம் ஷாஃப்ட்டோடு பிணைந்தது. இறக்கைகளின் ஒரு பக்கம் ஆயில் புகுந்தால் கேம் ஷாஃப்ட் சற்று முந்தும். மறுபக்கம் புகுந்தால் பிந்தும். எந்தப் பக்கம் எவ்வளவு என்று சொலினாய்டு வால்வுக்குக் கட்டளையிடுவது கணினி. எஞ்சின் நிற்கும்போது ஆயிலுக்கு அழுத்தம் இல்லை. ஆகவே ஒரு சிறு ஊசி இறக்கையைப் பூட்டி வைத்திருக்கும். பி 0011 என்றால், கேம் ஷாஃப்ட் வேண்டியதைவிட முந்தி நிற்கிறது, அல்லது இந்த ஏற்பாடு சரியாக வேலை செய்யவில்லை என்று மட்டுமே பொருள். பழைய ஆயில், அடைத்த வலை, சிக்கிக்கொண்ட வால்வு, தேய்ந்த ஊசி, நீண்டுபோன செயின் என எது வேண்டுமானாலும் காரணமாகலாம்.

புதிதாகப் போட்டிருந்த சொலினாய்டைக் கழற்றினார். மீட்டரில் அதன் கம்பிச்சுருள் சரியாகவே இருந்தது. 12 வோல்ட் கொடுத்தார். உள்ளிருந்த தண்டு பாதி தூரம் நகர்ந்து நின்றது. ஊசிமுனையால் எதையோ எடுத்து வெள்ளைத் தாளில் வைத்தார். கருநிறத்தில், கடுகில் பாதியளவு ரப்பர் துணுக்கு. ஆயில் வரும் வழியிலிருந்த சிறு வலையை இழுத்தார். அதில் அதுபோல இன்னும் பத்துப் பன்னிரண்டு ஒட்டியிருந்தன. ஒரு மூலையில் வலை கிழிந்திருந்தது. எங்களிடம் வருவதற்கு முன்பு யாரோ எஞ்சின் மூடியைத் திறந்து, மீண்டும் மூடுகையில் கேஸ்கெட் பேஸ்ட்டை அள்ளிப் பூசியிருக்கிறார்கள். உள்ளே பிதுங்கிய பசை காய்ந்து, உதிர்ந்து, ஆயிலோடு சுற்றிக்கொண்டிருந்தது. புது வால்வு பதினோரு நாளில் சிக்கியதில் வியப்பில்லை. காலைநேரக் கடகடப்பு, பூட்டும் ஊசி இருந்த குழி தேய்ந்துவிட்டதன் ஓசை.

சென்னை புதுப்பேட்டையில் பழைய சக்கரம் மலிவாகக் கிடைக்குமே என்று கேட்டுப்பார்த்தோம். “அது எந்த ஆயில்ல ஓடுச்சோ, ஆருக்குத் தெரியும் தம்பி?” என்று மறுத்துவிட்டார். புதுச் சக்கரம், வால்வு, வலை, செயின், அதன் தாங்கிகள், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 31,000 ரூபாய். பாகங்கள் வந்துசேரும்வரை காத்திருந்து, ஒரு சனிக்கிழமை மாலை அம்மாவை வீட்டில் இறக்கிவிட்டுக் காரை ஒப்படைத்தோம். செவ்வாய் விடியலுக்குள் அது வேண்டும்.

ஞாயிறு முழுக்க அருகில் இருந்தோம். முதல் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, குறிகளைச் சரிபார்த்த பின்பே செயினைத் தொட்டார். கேம் ஷாஃப்ட்டின் அறுகோணப் பகுதியை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு, சக்கரத்தின் நடு போல்ட்டைத் தளர்த்தினார். அடியிலிருந்த ஆயில் சட்டியை இறக்கியபோது, உறிஞ்சுகுழாயின் சல்லடையிலும் அதே துணுக்குகள். அதைக் கழுவாமல் விட்டிருந்தால் மேலே போட்ட எல்லாமே மீண்டும் பாழாகியிருக்கும். புதுச் செயினின் நிறமிட்ட கண்ணிகள் சக்கரங்களின் குறிகளோடு பொருந்தின. எல்லாம் பூட்டிய பிறகும் சாவியைத் தொடவில்லை. கிராங்க் ஷாஃப்ட்டைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றினார். ஒரு பல் தவறியிருந்தாலும் பிஸ்டன் வால்வில் மோதக்கூடும். கையால் சுற்றினால் அது தடையாகத் தெரியும், சாவியால் சுற்றினால் உடைந்த பிறகே தெரியும் என்றார்.

பட்டறைகளில் இன்று கருவி இல்லாத இடமில்லை. எண்ணைப் படிக்கத் தெரியாதவரும் இல்லை. ஆனால் எண் ஒரு சாட்சி மட்டுமே. தான் கண்டதை அது சொல்கிறது, காணாததைச் சொல்வதில்லை. சாட்சியையே குற்றவாளி எனக் கொள்வது எளிது, விரைவும்கூட. அந்த எளிமைக்கு விலை கொடுப்பவர்கள் பட்டறைக்கு வெளியே இருக்கிறார்கள். வேகத்துக்கேற்ப நேரத்தை மாற்றிக்கொள்ளும் இத்தனை நுட்பமும் ஒரு சிறு வலையின் தூய்மையை நம்பி நிற்கிறது என்பதை, அந்த வலையைப் பார்க்கக் குனிந்த ஒருவரிடமே நாங்கள் கற்றுக்கொண்டோம்.

திங்கள் இரவு கார் வந்தது. நடந்ததையெல்லாம் சொன்னபோது அம்மா சிரித்தார். “அதுக்கும் வடிகட்டிதான் போச்சா? அதுக்காவது புதுசு கெடச்சுதே” என்றார். எங்களால் உடனே சிரிக்க முடியவில்லை.

ஆயிரம் கிலோமீட்டரில் ஆயிலை மாற்றச் சொல்லியிருந்தார். மாற்றும்போது வடித்த ஆயிலை வெள்ளைத்துணியில் ஊற்றிக் காட்டினார். துணுக்கு எதுவும் இல்லை. அன்று ஒரு சனிக்கிழமை. கணக்குப் பார்த்தால் அம்மாவின் பன்னிரண்டாவது பயணம்.