தேடித் தரும் நாய்

2001ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி இயங்குதளத்தில், தொலைந்த கோப்பொன்றைத் தேடப் புகுந்தோர் திரையின் ஓரத்தில் ஒரு நாயைக் கண்டனர். ரோவர் என்பது அதன் பெயர். இணைய மையங்களில் கணினி பழகிய ஒரு தலைமுறை அதை இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. 1995இல் வந்து விரைவிலேயே மறைந்த ‘மைக்ரோசாஃப்ட் பாப்’ என்னும் மென்பொருளே அதன் பிறப்பிடம். ஆஃபீஸ் 97 தொகுப்பில் தோன்றிய ‘கிளிப்பி’ என்னும் தாள்கவ்வி அதற்கு இளையது. புகழிலும் வசையிலும் மூத்தது.

கிளிப்பியை வரைந்தவர் கெவன் ஆட்டபெரி. வசை வந்தது அவருடைய ஓவியத்தால் அன்று. கடிதத்தின் விளிச்சொல்லை எழுதியவுடன் அது குறுக்கிட்டது. வேண்டா என விலக்கினாலும் மறுமுறை அதே வினாவுடன் வந்து நின்றது. மக்கள் கணினியையும் ஓர் ஆளாகவே பாவித்துப் பழகுகின்றனர் என்று பைரன் ரீவ்ஸ், கிளிஃபோர்டு நாஸ் ஆகிய அறிஞர்கள் 1996இல் எழுதினர். ஆளாகப் பாவிக்கப்படும் ஒன்று, சொன்னதை நினைவில் கொள்ளாவிடில் எரிச்சல் எழுவது இயல்புதானே? ஆஃபீஸ் 2007இல் அது இடம்பெறவில்லை.

இத்தகைய உருவை இன்றைய வலைப்பக்கத்தில் மீண்டும் உலவவிடுவது கடினமன்று. ஓர் உருவின் பல நிலைகள் கட்டங்களாக அடுக்கப்பட்ட ஒரே படம் போதும். அக்கட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுமாறு ஜாவாஸ்கிரிப்டில் சில வரிகள் எழுதினால் வால் ஆடும். (பழைய உருவங்கள் அவற்றை ஆக்கிய நிறுவனத்துக்கு உரியவை, ஆதலால் புதிய நாயொன்றை வரைந்துகொள்வதே முறை.) தரவுத்தளத்தின் வாயிலில் அந்நாய் என்ன சொல்ல வேண்டும் என்பதே அரிய பகுதி.

கும்மிடிப்பூண்டி வட்டம் இதற்குத் தக்க சான்று. கும்மிடிப்பூண்டி, தேர்வாய்கண்டிகை ஆகிய சிப்காட் தொழில் வளாகங்களைச் சூழ்ந்த ஊர்களில் ஒரு துண்டு நிலத்தின் பட்டாவும் எளிய தாள் அன்று. வங்கிக் கடனுக்கும் பாகப்பிரிவினைக்கும் அது வேண்டும். தமிழ்நாடு அரசின் இணையவழிச் சேவையில் மாவட்டம், வட்டம், கிராமம் ஆகியவற்றைத் தெரிவுசெய்து, பட்டா எண்ணையோ புல எண்ணையோ இட்டு நில உரிமை விவரத்தைப் பார்க்கலாம். தந்தையார் 1985இல் பெற்ற கிரயப் பத்திரத்துடன் ஒருவர் இத்தகைய பக்கத்தின்முன் அமர்வதாகக் கொள்ளலாம். பத்திரத்தில் ‘செங்கல்பட்டு மாவட்டம்’ என்றிருக்கும். திருவள்ளூர் மாவட்டம் பிரிந்ததோ 1997இல். 2019இல் செங்கல்பட்டு என்ற பெயரிலேயே புதிய மாவட்டம் ஒன்று உருவானதால், பட்டியலில் அப்பெயரும் காணப்படும். அதன்கீழ் அவருடைய ஊர் மட்டும் இராது.

பெயரைக் கொண்டு தேடும் தரவுத்தளங்களில் இடர் இன்னும் நுண்ணியது. முனுசாமி, முனிசாமி ஆகிய இருவரும் ஊராருக்கு ஒருவரே. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் தரவுத்தளத்துக்கோ இருவர். ‘பதிவு இல்லை’ என்னும் இரு சொற்களைப் படித்தவர், நிலமே தம் குடும்பத்தின் பெயரில் இல்லை என்று கலங்கிப்போவார்.

அங்கேதான் நாய் எழுந்து நிற்க வேண்டும். அதுவரை அது படுத்தே கிடக்கலாம். ஊர்ப்பெயரைக் கேட்டு வாங்கி, “இவ்வூர் இப்போது திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது, அங்கே தேடட்டுமா?” என்று வினவலாம், பெயரின் வேறு எழுத்து வடிவத்தை முன்வைக்கலாம். நிலம் யாருடையது என்று ஊகித்துச் சொல்லுதல் மட்டும் கூடாது. அது பதிவேட்டின் வேலை. கைப்பேசியின் சிறு திரையில் எண்களை மறைத்தபடி உட்காருவதும் தகாது. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் வாலாட்டத்தைப் படித்துக் காட்டாது. ஆகவே நாய் சொல்வன யாவும் எழுத்தாகவும் இருத்தல் வேண்டும்.

நாயே வேண்டா என்பாரும் உளர். அவர்களுக்கு ரோவரிடமே ஒரு வழி இருந்தது. அசையும் உருவை நிறுத்துமாறு தெரிவுசெய்தால், அது முகங்கோணாமல் திரும்பி, மெல்ல நடந்து, சிறுத்து, மறைந்துபோகும்.