மேட்டூர் அடைப்புக்கும் காட்டுத் தடைக்கும் நடுவே

பூதலூரில் ஏற்றம் என்று சொல்லிக்கொள்ள ஆற்றுக்கரை மேட்டை விட்டால் வேறொன்றும் இல்லை. கல்லணைக் கால்வாய்க் கரையில் ஏறி நின்றால் கண்ணுக்கெட்டிய தூரம் வயல்தான். பத்து மைல் நடக்கச் சொன்னால் எங்கள் ஆட்கள் அசரமாட்டார்கள். வரப்பில் நடந்து உரமேறிய கால்கள். ஆனால் அந்தப் பத்து மைலில் எங்காவது ஒரு வாய்க்கால் குறுக்கிடும், ஒரு புங்கமரம் நிழல் தரும், ஒரு டீக்கடை வரும். தண்ணீரும் நிழலும் வழிகூடவே வரும் என்பது டெல்டாவில் பிறந்தவர்களின் ரத்தத்தில் ஊறிய நம்பிக்கை. வீட்டுப் பிள்ளைகள் போடிநாயக்கனூருக்குப் பக்கத்தில் இருக்கும் குரங்கணி மலைக்குப் போக வேண்டும் என்று கிளம்பி, ஏற்பாட்டை என்னிடம் ஒப்படைத்தபோது, முதலில் இறக்கி வைக்க வேண்டியது இந்த நம்பிக்கையைத்தான் என்று தோன்றியது.

முகட்டில் பெய்யும் மழை அங்கே நிற்பதில்லை. இரண்டு பக்கச் சரிவிலும் வழிந்து, மடிப்புகளில் ஓடையாகி, கீழே இறங்கிவிடுகிறது. மேட்டில் நடப்பவனுக்கு ஓடைச் சத்தம் கேட்கும். தண்ணீர் கைக்கு எட்டாது. எங்கோ குடகில் பெய்த மழைக்காக மதகடியில் காத்திருந்து பழகிய நாங்கள், தண்ணீர் எங்களை விட்டுப் புறப்படுகிற இடத்தில் நடக்கப் போகிறோம். அதனால் ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் என்று பட்டியலின் முதல் வரியாக எழுதினேன். கனமாக இருக்கிறது என்று சொல்பவர் துணிமணியைக் குறைக்கட்டும், தண்ணீரைக் குறைக்க வேண்டாம்.

குரங்கணியைத் தேர்ந்தெடுத்ததற்கு எனக்கென்று ஒரு காரணம் உண்டு. அந்த மலையில் ஒரு காலத்தில் தேயிலை கீழே இறங்கியது. மூணாறு தோட்டங்களிலிருந்து குண்டளப் பள்ளத்தாக்கு வழியாக 1902-இல் ஒற்றைத் தண்டவாளம் போட்டு, வண்டிகளை மாடுகள் இழுத்தன. 1908-இல் அதை எடுத்துவிட்டுச் சிறிய ரயில்பாதை போட்டார்கள். அந்தப் பாதை முடிந்த இடம்தான் டாப் ஸ்டேஷன், கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,700 மீட்டர். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிப் பக்கம் இறங்கி, போடிநாயக்கனூருக்கு வண்டி ஏறின. இடைவழியில் இருக்கும் ஊரை இன்றும் சென்ட்ரல் ஸ்டேஷன் என்றுதான் சொல்கிறார்கள். ஸ்டேஷன் போய் நூறு வருஷம் ஆகியும் பெயர் போகவில்லை. 1924 ஜூலையில் மேற்கு மலையில் கொட்டிய மழை அந்த ரயில்பாதையை அடித்துக்கொண்டு போனது. அதே ஜூலையில்தான் காவிரியிலும் கொள்ளிடத்திலும் வந்த பெருவெள்ளம் திருச்சியையும் தஞ்சையையும் மூழ்கடித்தது. மலையில் ரயிலைக் கொண்டுபோன மழையும் எங்கள் ஊர்க் கரைகளை உடைத்த மழையும் ஒரே பருவக்காற்றின் வேலை. இதைப் பிள்ளைகளிடம் சொன்னபோது, அந்த மலை அவர்களுக்கு வேற்றூராகத் தோன்றவில்லை.

அக்கா மகள்தான் சரியான கேள்வியைக் கேட்டாள்: "மேல தங்கறதுக்கு எடம் இருக்கா மாமா?"

நடந்து போகிறவருக்குத் தங்குமிடம் என்பதைத் தஞ்சாவூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ராமேஸ்வரம் போகும் பாதையில் மராட்டிய மன்னர்கள் வரிசையாகச் சத்திரங்கள் கட்டினார்கள். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி 1802-இல் கட்டிய முத்தாம்பாள் சத்திரம் இன்னும் நிற்கிறது. வழிப்போக்கருக்குச் சோறு, நோயாளிக்கு மருந்து, பிள்ளைகளுக்குப் படிப்பு வரை அங்கே நடந்தது. சத்திரம் கட்ட வசதியில்லாத இடத்தில் மண்டபம். மண்டபமும் இல்லாத இடத்தில் ஒரு சுமைதாங்கிக் கல், கோடையில் ஒரு தண்ணீர்ப்பந்தல். அமெரிக்காவில் அப்பலாச்சியன் பாதை என்று ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை 3,500 கிலோமீட்டர் நீளும் மலைமுகட்டு வழி இருக்கிறது. அதில் மூன்று பக்கச் சுவரும் திறந்த முன்புறமுமாக 250-க்கும் மேற்பட்ட குடில்கள். ஒன்றை விட்டு ஒன்றைப் பிடிக்க ஒரு பகல் நடை போதும். ராமேஸ்வரம் பாதைக்குக் கணக்குப் போட்ட அதே புத்தி.

நம் மலைகளில் அப்படி ஒரு வரிசை இல்லை. அவளிடம் அதைச் சொன்னேன். அதனால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல 2018-க்குப் போக வேண்டியிருந்தது.

அந்த ஆண்டு மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்தும் வந்தவர்கள் கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தபோது காட்டுத்தீ சூழ்ந்தது. 23 பேர் இறந்தார்கள். வாழ்க்கையில் பாதியைக்கூட வாழாத பிள்ளைகள் அவர்களில் பலர். எனக்கு இன்றும் அந்தச் செய்தியைப் படிக்க மனம் வருவதில்லை. எங்கள் ஊரில் அறுப்புக்குப் பிறகு வயலில் தாள் எரிவதைப் பார்த்திருக்கிறோம். சமதரையில் அந்தத் தீ முழங்கால் உயரத்தில் மெல்ல ஊர்ந்து, வரப்பில் வந்து அணையும். மலைச்சரிவில் கதை வேறு. கீழே எரியும் தீயின் வெக்கை மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே காய வைத்துவிடுகிறது. மேல்நோக்கி வீசும் காற்றும் சேர்ந்துகொள்கிறது. மனிதன் ஏறும் வேகத்தைத் தீ சுலபமாகத் தாண்டும். ஆளுயரக் காய்ந்த புல்லுக்குள் ஒதுங்க ஒரு வெட்டவெளி கிடைக்காவிட்டால் கால் பலம் உதவாது.

அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று மாநில அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 40 பாதைகளைத் திறந்தது. குரங்கணி–சாம்பலாறு அதில் ஒன்று. முன்பதிவு செய்து, உள்ளூரைச் சேர்ந்த வழிகாட்டியோடுதான் போக முடியும். காட்டுக்குள் நடக்கக் காசு வாங்குகிறார்களே என்று குறைப்படுபவர்கள் உண்டு. எனக்கு அந்தக் குறை இல்லை. கூரை இல்லாத மலையில், எந்தப் புல் எந்த மாதம் எரியும், எந்தத் தடத்தில் நேற்று யானை போனது என்று தெரிந்த ஒருவர் முன்னால் நடப்பதே பெரிய பாதுகாப்பு. அவருடைய குடும்பத்துக்கு அதில் கூலி கிடைப்பது இன்னும் நல்லது.

ஆனால் ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. கம்பிவடம் இழுக்க அந்த மலையில் கட்டடம் கட்டியவர்கள் இருந்தார்கள். நடப்பவருக்காக இரண்டு மணி நேர நடைக்கு ஒன்றாக நாலுகால் கல்மண்டபம், சுற்றிலும் புல் செதுக்கிய களம் போல ஒரு வெளி, பக்கத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி வைத்தால் என்ன? ராத்தங்கலுக்கு வேண்டாம்; வெயிலுக்கும் மழைக்கும், தீ வந்தால் ஒதுங்கவும். கல் எரியாது. சத்திரம் கட்டிய நாட்டுக்கு இது பெரிய காரியமில்லை.

நாள் பார்ப்பதுதான் கடினமாக இருந்தது. ஐப்பசி கார்த்திகையில் மழையும் அட்டையும். எங்களுக்கும் அப்போது வயலில் வேலை. 2025-இல் தீப்பருவத்துக்காகப் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை பாதைகளை மூடினார்கள். வரும் ஆண்டும் அப்படித்தான் என்று வைத்துக்கொண்டால் நமக்குப் பிப்ரவரி 15-க்கு முன்னால்தான் இடம். மேட்டூரில் பாசனத்துக்குத் தண்ணீர் அடைப்பது வழக்கப்படி ஜனவரி 28. சம்பா அறுத்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டுக் கிளம்பினால், அணை அடைப்புக்கும் காட்டுத் தடைக்கும் நடுவே இரண்டரை வாரம் இருக்கிறது. மலை ஈரம் முழுக்கக் காயாத, பாதை வழுக்காத நாட்கள். எங்கள் பஞ்சாங்கமும் மலையின் பஞ்சாங்கமும் ஒத்துப்போகும் ஒரே இடைவெளி.

பயணம் சுலபம். பூதலூரில் ரயிலேறித் திருச்சி, அங்கிருந்து மதுரை. 2023 ஜூன் முதல் மறுபடியும் போடி வரை ரயில் போகிறது. அதற்குப் பிறகு பஸ். கட்டுச்சாதம் புளியோதரைதான், வாழையிலையில்.

பயிற்சிக்குத் திருச்சி மலைக்கோட்டை. 83 மீட்டர் பாறைதான், ஆனால் எங்கள் பக்கத்தில் படியேற அதை விட்டால் நாதியில்லை. ஞாயிறு காலை முதல் ரயிலில் போய், தண்ணீர்ப் பாட்டில்கள் நிறைத்த பையை முதுகில் போட்டுக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் மூன்று முறை ஏறி இறங்கச் சொல்லியிருக்கிறேன். இறங்குவதைத்தான் அதிகம் பழக வேண்டும். வரப்பில் நடந்த முழங்கால் ஏற்றத்தைத் தாங்கிவிடும், நீண்ட இறக்கம் அதற்குப் புதிது.

இரண்டு விதிகள் மட்டும் கண்டிப்பாக வைத்திருக்கிறேன். குழுவில் மெதுவாக நடப்பவர் யாரோ அவர் வழிகாட்டிக்கு அடுத்து முன்னால். மற்றவர்கள் அவர் பின்னால். எங்கே இருந்தாலும் பன்னிரண்டு மணிக்குத் திரும்ப வேண்டும். "இன்னும் கொஞ்சம்தானே, போயிட்டு வந்துடலாம் மாமா" என்று யாராவது கெஞ்சுவார்கள், தெரியும். முகடு அடுத்த தை மாசத்திலும் அங்கேயே இருக்கும் என்று சொல்வேன். அக்காவுக்கு முழங்கால் வலி. அவர் குரங்கணி ஊரிலேயே தங்கி, நாங்கள் எத்தனை மணிக்கு இறங்க வேண்டும் என்ற கணக்கைக் கையில் வைத்திருப்பார். மாலை நாலரை தாண்டியும் தலை தெரியாவிட்டால் வனத்துறை அலுவலகத்தில் சொல்ல வேண்டியது அவர் பொறுப்பு. அதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.