கம்பி எழுதிய கங்காரு

ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றம் 2019-ல் ஒரு மொத்த வியாபாரக் கம்பெனிக்கு 23 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. இந்தோனேசியாவில் செய்த பூமராங்குகளையும் டிஜெரிடூ ஊதுகுழல்களையும் ஆதிக்குடி மக்களின் கைவேலை என்று நம்பும்படி விற்றிருந்தார்கள். 2015 ஜூலைக்கும் 2017 நவம்பருக்கும் இடையில் மட்டும் 18,000-க்கும் மேற்பட்ட பொருட்கள். அந்தச் செய்தி எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. சிட்னி போனபோது, பழைய பூமராங் சேகரிக்கும் நண்பர் ஒருவரிடம், அசல் எப்படி இருக்கும் என்று கேட்டேன். தன்னிடம் இருந்தவற்றில் மூன்றைப் பருத்தித் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு என்னை லா பெரூஸுக்கு அழைத்துப் போனார்.

பாட்டனி வளைகுடாவின் வடகரையில் இருக்கிறது லா பெரூஸ். டிராம் ஓடிய காலத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் நகரத்துக் கூட்டம் இங்கே வந்து இறங்கும். ஆண்கள் பூமராங் செய்து, எறிந்து காட்டி விற்பார்கள். பெண்கள் சிப்பி ஒட்டிய பெட்டிகளை விற்பார்கள். 1961-ல் டிராம் நின்றுபோனது. ஜோ டிம்பரி போன்ற பெயர்பெற்ற கைகளைத் தந்த குடும்பங்கள் இன்னும் இங்கேதான் இருக்கின்றன. நாங்கள் பார்க்கப் போனவரும் அப்படி ஒரு குடும்பத்துப் பெரியவர். ஊரே அவரை ‘அங்கிள்’ என்கிறது; நாங்களும் அப்படியே கூப்பிட்டோம்.

பூமராங்குக்கு மரம் அலையாத்தி. நம் பிச்சாவரத்தில் நிற்கும் அதே இனம். அடிமரமும் வேரும் சேரும் இடத்தில் இயற்கையாகவே ஒரு வளைவு விழும். அதைத்தான் தேடிப் போவார்கள். நேர்ப்பலகையில் வளைவாக அறுத்தால் நாரோட்டம் குறுக்கே வெட்டுப்பட்டு, தரையில் மோதியதும் முறிந்துவிடும். வளைந்த கட்டையில் நாரோட்டம் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அறுபடாமல் ஓடும். அங்கிள் சிறுவனாகத் தாத்தாவோடு சேற்றில் இறங்கிக் கட்டை தேடியிருக்கிறார். பிறகு விமான நிலையத்துக்காகக் குக்ஸ் ஆற்றின் முகத்துவாரத்தையே மாற்றினார்கள். இந்தக் கரையில் துறைமுகம் வந்தது. இன்று அனுமதியில்லாமல் அலையாத்தியில் கைவைக்க முடியாது. அவர் இப்போது பெரும்பாலும் ப்ளைவுட்டில் செய்கிறார்.

கோடரியால் செதுக்கி, அரத்தால் ராவி, உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டி வழவழப்பாக்கியதும், படம் சுடக் கம்பி வருகிறது. சாதாரண வேலிக் கம்பி. நாலைந்து துண்டுகள் நெருப்பில் கிடக்கின்றன. ஒன்று ஆறியதும் அதைப் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்கிறார். ஒரு கங்காருவின் முதுகை அவர் இழுத்ததை அருகில் உட்கார்ந்து பார்த்தேன். கம்பி தொட்ட இடத்தில் கறுத்த பள்ளம், மெல்லிய புகை. கோடு நகர நகரச் சூடு தணிந்து, கறுப்பு பழுப்பாகி, வால் நுனியில் வெறும் நிழலாகத் தேய்கிறது. அடுத்த கம்பி மறுபடி கறுப்பிலிருந்து தொடங்குகிறது. மின்கருவி சுட்ட கோடு தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே நிறம். இதைப் பார்த்த பிறகு, நகரத்துக் கடையில் அடுக்கி வைத்திருப்பவற்றைத் தள்ளி நின்றே ஒதுக்கிவிட முடிகிறது.

நண்பர் துணியைப் பிரித்தார். முதலாவதின் மேல் யாரோ வார்னிஷ் பூசியிருந்தார்கள். அங்கிளுக்கு முகம் சுருங்கிவிட்டது. “இதற்குள் இருந்த கையை மூடிவிட்டார்கள்” என்றார். பழைய மரத்துக்கு வார்னிஷ் வேண்டாம், உப்புத்தாளும் வேண்டாம். ஆளிவிதை எண்ணெயை வருடாவருடம் தடவினால் அது பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்து, சுட்ட கோடுகளையே மறைத்துவிடும். மென்மையான காய்ந்த தூரிகை போதும். ஜன்னல் வெயில் படக்கூடாது. சுவரில் ஆணியில் தொங்கவிடாமல் தட்டையாகக் கிடத்த வேண்டும். குண்டூசித் துளையிலிருந்து புதிதாக மாவு உதிர்ந்தால் உள்ளே வண்டு இருக்கிறது. அப்படிப்பட்டதைப் பாலித்தீனில் இறுகக் கட்டி உறைகுளிர்ப் பெட்டியில் வைப்பது நண்பரின் வழக்கம். மருந்து அடிப்பதே இல்லை.

இவ்வளவு பராமரிப்பும் பொருளுக்கு. செய்தவனுக்கு? அன்று சில ஷில்லிங்குக்குப் போன பூமராங்குக்கு இன்று ஏலக்கடை விலை சொல்கிறது, தரகர் லாபம் பார்க்கிறார். அட்டையில் ‘செய்தவர் தெரியாது’ என்று போட்டுவிட்டால் கணக்கு முடிந்தது. கலைப்பொருள் மறுவிற்பனையில் கலைஞருக்கோ வாரிசுக்கோ 5 சதவீதம் தரும் சட்டம் 2010 முதல் ஆஸ்திரேலியாவில் நடப்பில் இருக்கிறது. ஆனால் அது 1,000 டாலரும் அதற்கு மேலும் போகும் விற்பனைக்குத்தான். பெயரே இல்லாதவனின் வாரிசு எந்தக் கதவைத் தட்டுவான்? இந்தப் பக்கம் பழையதில் பங்கு இல்லை, அந்தப் பக்கம் புதியதைப் போலி தின்கிறது: இந்த மரபின் சாயலில் விற்கும் நினைவுப் பொருட்களுக்கு மக்கள் செலவிடும் பணத்தில் பாதிக்கும் மேல் போலிக்கே போகிறது என்று அரசின் உற்பத்தித்திறன் ஆணையம் 2022-ல் சொன்னது. ஒரு குடும்பத்தின் கைப்பழக்கத்தைக் களவாடி, அதே குடும்பத்தின் வாசலில் கடைபோட்டு விற்பது எந்த வியாபார தர்மத்தில் சேரும்?

அங்கிள் இரண்டாவதை எடுத்து, ஈமுவின் கால் மடிப்பை விரலால் தடவினார். “இது என் சித்தப்பா. காலை எப்போதும் இப்படித்தான் உடைப்பார்.” நண்பர் ஒரு காகிதச் சீட்டில் அந்தப் பெயரைப் பென்சிலால் எழுதி, நூலால் கட்டினார். பசை தடவவில்லை. வார்னிஷ் போட்டது யாருடையது என்றும் கோட்டின் அழுத்தத்தை வைத்தே அங்கிள் சொல்லிவிட்டார். மூன்றாவதற்குப் பெயர் கிடைக்கவில்லை. முன்புறமும் பின்புறமும் படம் எடுத்துத் தரச் சொன்னார். தெற்கே வாலகா ஏரிக்கரையில் இருக்கும் உறவினர்களிடம் காட்டிக் கேட்கப்போகிறார்.