காத்திருக்கும் திரையில் நம் ஊர்: சில குறிப்புகள்

ஸ்டெல்லாரிஸ் ஆட ஆரம்பித்தால் எண்களும் பட்டன்களும் வரைபடமும் திரையை நிறைத்துவிடும். ஓர் ஓவியத்தை நிதானமாகப் பார்க்க முடிவது, ஆட்டம் லோடாகும் அந்தச் சில நிமிடங்களில்தான். சுவீடனின் பாரடாக்ஸ் நிறுவனம் 2016 மே 9-இல் வெளியிட்ட இந்த விண்வெளி வியூக ஆட்டத்தில், அந்த ஓவியங்களை நாமே மாற்றிக்கொள்ளலாம்.

*

முறை எளிது. ஆட்டத்தில் லோடிங் படங்கள் எந்த ஃபோல்டரில் இருக்கின்றனவோ, அதே பெயரில், ஆட்டத்தை மாற்ற நாம் சேர்க்கும் தொகுப்பான மோடுக்குள் ஒரு ஃபோல்டர். அதில் அதே பெயர் கொண்ட படக் கோப்பு. ஆட்டம் பழையதை விட்டு நம்முடையதை எடுத்துக்கொள்ளும். கோடிங் தெரிய வேண்டியதில்லை; வரையத் தெரிந்தால் போதும்.

*

இந்தப் படங்களைச் சேமிக்கும் டிடிஎஸ் கோப்பு வடிவத்தில் கவனம் தேவை. 1920×1080 படத்தை அமுக்காமல் சேமித்தால் ஏறத்தாழ 8 எம்பி. பிசி1 முறையில் அமுக்கினால் 1 எம்பி. ஆனால் பிசி1, 16 புள்ளிகள் கொண்ட ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு அடிப்படை நிறங்களையே வைத்துக்கொள்கிறது. கருநீலம் மெல்லக் கருப்பாகும் வானத்தில் வரிவரியாகப் பட்டை விழும். இரவு வானம் வரைகிறவர்கள் அமுக்காமலே சேமிப்பது நல்லது. முக்கியமான உருவத்தைப் படத்தின் ஓரத்தில் வைக்கக் கூடாது. அகலத் திரைகளில் வெட்டுப்படலாம்.

*

இப்படி வரைய நம்மிடம் ஆள் உண்டா? 1998-இல் வந்த மற்றொரு விண்வெளி வியூக ஆட்டமான ஸ்டார்கிராஃப்ட் 2017-இல் புதுப்பிக்கப்பட்டபோது, அதன் படங்களை மீண்டும் வரைந்ததில் மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ள லெமன் ஸ்கை ஸ்டூடியோஸுக்குப் பங்கு உண்டு. ஆடும்போது எஃப்5-ஐ அழுத்தினால் பழைய 640×480 உருவம். மீண்டும் அழுத்தினால் புதியது. மங்கலாகத் தெரிந்த கப்பலில் இரும்புத் தகடும் விளக்கும் துலங்கும். நம் பக்கத்தில் உட்கார்ந்து செய்த வேலை அது. உலகத் தரத்துக்கு வரைய இங்கே ஆள் இல்லை என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

*

வரைய என்ன இருக்கிறது? இரவில் கிள்ளான் துறைமுகம்: கை உயர்த்தி வரிசையாய் நிற்கும் கிரேன்கள், கீழே கொள்கலன் அடுக்குகள். கடலை எடுத்துவிட்டு விண்மீன்களைப் போட்டால் ஸ்டெல்லாரிஸின் கப்பல் கட்டும் தளம் தயார். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் 2015 நவம்பரில் திறந்த தோரண வாயில், இந்தியாவின் சாஞ்சித் தூபி வாயிலின் மாதிரியில் எழுந்தது. கப்பல்கள் நொடியில் தாண்டிப்போகும் விண்வாயிலை அதன் தூண்களுக்கு நடுவே வரையலாம். 1994-இல் திறந்த தேசியக் கோளரங்கத்தின் நீலக் குவிமாடமும் இருக்கிறது.

*

இணையத்தில் கிடைத்த யாருடைய ஓவியத்தையோ எடுத்து ஸ்டீம் வொர்க்‌ஷாப்பில் ஏற்றாதீர்கள். அனுமதி கேளுங்கள், வரைந்தவர் பெயரைப் போடுங்கள். அதைவிட நல்லது, நீங்களே வரைவது. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் டேப்லட்டில் வரைந்துகொண்டிருக்கும் தம்பி தங்கைகளே, அடுத்த படத்தில் உங்கள் ஊரை விண்வெளியில் வையுங்கள்.